டீமுக்குப் பணம் கேட்டு வீடு வீடாகப் போகலாமா? ஜமைக்கா பெண்கள் டீம் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஓவர்லாக்காரி, திருப்பூர் | ஞாயிறு, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கமுங்க. இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் (துணி ஓரம் தைக்கிற மெஷின்) அடிக்கிறேன், பதினாலு வருசமாச்சு. மகள் ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளிக்கூட ஃபுட்பால் டீமில் அவள்தான் கோல்கீப்பர். போன வாரம் மாவட்ட அளவில் ஜெயித்துவிட்டார்கள். பைனல் பெனால்டி வரைக்கும் போனதாம், இவள் ஒன்றைத் தடுத்தாளாம். எனக்கு அன்றைக்கு ஒன்றரை ஷிப்ட். சாப்பாட்டு பெல் அடித்த பிறகு போனை எடுத்தால், பி.டி. டீச்சர் அனுப்பிய போட்டோ இருந்தது. பிள்ளை முகமெல்லாம் செம்மண். நான் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அடுத்தது மாநிலப் போட்டி, திருநெல்வேலிப் பக்கம். இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. டீமில் பதினாறு பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் பதினொரு பேருக்கு மட்டும் பஸ் கட்டணம் தருவதாகச் சொல்கிறார்கள். மற்றதெல்லாம் பெற்றோர் பொறுப்பு. பெற்றோர் என்றால் யாரு? பாதிப் பேர் என்னைப் போல பனியன் வேலை, ரெண்டு பேர் தறி ஓட்டுகிறவர்கள், ஒருத்தர் தென்னை மரம் ஏறுகிறவர். கோல் அடிக்கிற பிள்ளை ஒடிசாவில் இருந்து வந்த குடும்பம், அவங்க அம்மா என் லைனிலேயே செக்கிங்கில் இருக்கிறாங்க.

பதினாறு பேருக்கும் சேர்த்து அடியில் குமிழ் வைத்த ஸ்டட்ஸ் ஷூ ஒன்பது ஜோடிதான் இருக்கிறது. ஆளை மாற்றும்போது வெளியே வருகிற பிள்ளை கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து லேஸை அவிழ்ப்பாள். உள்ளே போகிறவள் வெறுங்காலை நீட்டிக்கொண்டு நிற்பாள். ரெண்டு சைஸ் பெரிதாக இருந்தால் முன்பக்கம் துணி அடைக்க வேண்டும். அதற்கென்று கம்பெனியில் மிஞ்சுகிற ரிப் துணித் துண்டு நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பது. என் மகள் போடுகிற கிளவுஸ், லோடு ஏற்றுகிற அண்ணன்மார் போடுகிற ரப்பர் புள்ளி வைத்த கையுறை. பனியில் நனைந்தால் பந்து வழுக்கும் என்கிறாள்.

டீச்சரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விட்டுப்போன ஐந்து பேர் பஸ் செலவு 3,500. பிள்ளைகள் பதினாறு, கூட வருகிற பெரியவர்கள் ரெண்டு, ஆக பதினெட்டுப் பேருக்கு ரெண்டு நாள் சாப்பாடு 10,800. ஷூ ஏழு ஜோடி 5,950. கிளவுஸ் 900. மருந்து, பஞ்சு, ஸ்பிரே 250. மொத்தம் 21,400 ரூபாய். தங்க அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் தருகிறார்கள்.

வீடு வீடாகப் போய்க் கேட்கலாம் என்று நாலு அம்மாக்கள் பேசினோம். என் வீட்டுக்காரர் ஒரே வார்த்தைதான் சொன்னார். "நம்ம குடும்பத்துல கை நீட்டிப் பழக்கமில்ல." மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, முறத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாங்க.

நேற்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஜமைக்கா என்ற சின்ன நாட்டுப் பெண்கள் டீம் உலகக் கோப்பைக்குப் போக, ஒரு வீராங்கனையின் அம்மா பணம் திரட்டினாங்களாம். உண்மைதானா? உலகக் கோப்பைக்கே இப்படியா? கேட்டதால் அந்தப் பிள்ளைகளுக்கு அவமானம் ஏதும் வந்ததா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். வீட்டில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

---

கோபி_பி.டி.டீச்சர் | திங்கள், காலை 5.55

அம்மிணி, நீ பார்த்தது உண்மைதான். முப்பத்தொரு வருசம் விசில் ஊதி ரிட்டயர்டு ஆனவள் நான். அந்த டீமை 2018இல் இருந்து விடாமல் பார்த்துவருகிறேன். சித்தே நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

ஜமைக்காவில் மக்கள் தொகை சுமார் 28 லட்சம். நம்ம கோயமுத்தூர் மாவட்டத்தில் 2011 கணக்குப்படியே 34 லட்சத்துக்கு மேல். ஒரு மாவட்டத்தைவிடச் சின்ன கூட்டத்தில் இருந்து உலகக் கோப்பைக்கு டீம் அனுப்புவதை நினைத்துப் பார்.

அவர்கள் பெண்கள் டீமைப் பணமில்லை என்று ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை கலைத்தார்கள். முதலில் 2008 வாக்கில். அப்புறம் 2014இல் பாடகர் பாப் மார்லியின் மகள் செடெல்லா மார்லி கையில் ஒரு நோட்டீஸ் கிடைத்தது. அவர் மகன் பள்ளிக்கூடத்தில் இருந்து கொண்டுவந்த காகிதம், பெண்கள் டீமுக்கு உதவுங்கள் என்று. அந்தம்மாவுக்கு அப்படி ஒரு டீம் இருக்கிறதே அதற்கு முன்னால் தெரியாதாம். பள்ளிக்கூடப் பையில் வந்த ஒரு துண்டுச் சீட்டு அம்மிணி! அதற்கப்புறம் அவர் முன்னின்று பணம் திரட்டினார். டீம் மறுபடி உயிர் பெற்றது. 2016 ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை என்றதும் திரும்பவும் கலைத்தார்கள், திரும்பவும் எழுந்தது. பயிற்சியாளர் ஹ்யூ மென்ஸிஸ் கொஞ்ச காலம் சம்பளமே இல்லாமல் வேலை பார்த்தார்.

இனிமேல் சொல்வதை உன் மகளைப் பக்கத்தில் வைத்துப் படி. 2018 அக்டோபர், அமெரிக்காவில் டெக்சாஸ். பனாமாவோடு ஆட்டம், ஜெயித்தால் உலகக் கோப்பை. 2-2. கூடுதல் நேரம் முடியப்போகிறது, அடுத்து பெனால்டி. அந்த நேரத்தில் மென்ஸிஸ் கோல்கீப்பரை மாற்றினார். அதுவரை வெளியே உட்கார்ந்திருந்த நிக்கோல் மெக்ளூரை உள்ளே அனுப்பினார். உடம்பு சூடாகக்கூட நேரமில்லை. அந்தப் பெண் ரெண்டு பெனால்டியைத் தடுத்தாள். கடைசி அடி டொமினிக் பாண்ட்-ஃப்ளாசா, பந்து உள்ளே. பெனால்டியில் 4-2. கரீபியன் நாடுகளில் இருந்து பெண்கள் உலகக் கோப்பைக்குப் போன முதல் டீம் அதுதான்.

பதினொரு பேருக்கு மட்டும் பஸ் கட்டணம் என்றால் மெக்ளூர் அன்றைக்கு ஊரிலேயே இருந்திருப்பாள். இதை உன் தலைமையாசிரியரிடம் சொல். உங்கள் டீமில் ரெண்டாவது கோல்கீப்பர் யார்? அந்தப் பிள்ளை அந்த ஐந்து பேரில் ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்று என் மனசு சொல்கிறது.

2019இல் பிரான்ஸ் போய், பிரேசிலிடம் 3-0, இத்தாலியிடம் 5-0, ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றார்கள். பன்னிரண்டு வாங்கி ஒன்று அடித்தார்கள். அந்த ஒன்றை அடித்தவர் ஹவானா சொலான். 2023 உலகக் கோப்பைக்கு முன்னால் இணையத்தில் பணம் திரட்டியது இந்த சொலானின் அம்மாதான். சாப்பாடு, தங்குமிடம், பயணம், பயிற்சி முகாம் இதற்கெல்லாம் என்று வெளிப்படையாகச் சொல்லிக் கேட்டார். ஊர் பேர் தெரியாதவர்கள்கூடக் கொடுத்தார்கள்.

அவமானம் வந்ததா என்று கேட்டாயே, அந்த வருசம் ஆடிய ஆட்டத்தைக் கேள். பிரான்ஸோடு 0-0. பனாமாவை 1-0, ஆலிசன் ஸ்வேபி தலையால் முட்டிய கோல். பிரேசிலோடு 0-0, அதோடு பிரேசில் முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போனது. மூன்று ஆட்டம், ஒரு கோல்கூட உள்ளே விடவில்லை. கோல்கீப்பர் ரெபெக்கா ஸ்பென்சர். நாலு வருசத்துக்கு முன்னால் பன்னிரண்டு வாங்கிய டீம் இது. அடுத்த சுற்றில் கொலம்பியாவிடம் 1-0 என்றுதான் தோற்றார்கள். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

கேட்பதில் தப்பில்லை அம்மிணி. ஆனால் உங்கள் நாலு பேர் பெயரில் கேட்காதீர்கள். தலைமையாசிரியருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் எழுதிக் கொடுத்து, அந்தக் கடிதத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

---

தாராபுரத்தான் | திங்கள், காலை 9.20

டீச்சர் சொன்னதில் ஒன்று விட்டுப்போச்சுங்க. 2023 ஜூன் மாதம், உலகக் கோப்பைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஜமைக்கா வீராங்கனைகள் தங்கள் கால்பந்துக் கூட்டமைப்புக்கு ஒரு கடிதம் எழுதி எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டார்கள். பயணம், தங்குமிடம், பயிற்சி, சாப்பாடு, சம்பளம் எதுவும் சரியில்லை, ஏற்பாட்டுக் குளறுபடியால் பயிற்சி ஆட்டங்களே தவறிப்போயின என்று மறைக்காமல் எழுதினார்கள். அம்மா ஒரு பக்கம் பணம் திரட்டினாங்க, பொண்ணுங்க இன்னொரு பக்கம் கேள்வி கேட்டாங்க. முதலாவதை மட்டும் செய்தால், செய்ய வேண்டியவர்கள் அடுத்த வருசமும் "பெற்றோர் பார்த்துக்குவாங்க" என்று இருந்துவிடுவார்கள்.

என் தங்கச்சி கபடி ஆடினவள். வருசா வருசம் எங்கப்பா கடலைக்காய் விற்ற காசில் அவளை அனுப்பினார். ஒரு வருசம் மழை இல்லை, கடலைக்காய் இல்லை. அதோடு அவள் ஆட்டம் நின்றது. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை நாங்கள். ரோசம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போது அவளுக்கு ரெண்டு பிள்ளைகள், டி.வி.யில் கபடி வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

பதினாறு பெற்றோரும் கையெழுத்துப் போட்டு முதலில் கடிதம் கொடுங்கள். ஃபுட்பாலில் மாற்று ஆட்டக்காரர் இல்லாமல் டீமே கிடையாது, பதினொரு பேர் கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். மரியாதையாகவே கேளுங்கள், ஆனால் எழுத்தில் கேளுங்கள்.

---

ஓவர்லாக்காரி, திருப்பூர் | திங்கள், இரவு 9.15

டீச்சர், உங்களுக்கு எப்படித் தெரிந்தது? ரெண்டாவது கோல்கீப்பர் பிள்ளை அந்த ஐந்து பேரில்தான் இருக்கிறாள். எட்டாவது படிக்கிறாள். தினமும் என் மகளுக்குப் பந்து எறிந்து எறிந்து பழக்குவதே அவள்தான்.

நீங்கள் எழுதியதை மகளுக்குப் படித்துக் காட்டினேன். மெக்ளூர் கதையை ரெண்டு தடவை கேட்டாள். "அந்தக்கா எவ்வளவு நேரம்மா வெளியே உட்கார்ந்திருந்தாங்க?" என்றாள். ரெண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கும் என்றேன். எழுந்து போய் அந்தப் பிள்ளைக்குப் போன் போட்டாள்.

தாராபுரத்து அண்ணா, உங்கள் தங்கச்சியைப் பற்றி எழுதியதை வீட்டுக்காரரிடம் காட்டினேன். படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். கடிதம் நாளைக்கு எழுதுகிறோம்.

---

பல்லடம்_பண்ணை | செவ்வாய், காலை 11.05

அக்கா, நாங்கள் பிராய்லர் பண்ணை. கம்பெனி குஞ்சும் தீவனமும் கொடுக்கும், வளர்த்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. ஜமைக்கா டீமில் காடிஜா ஷா என்று ஒரு பெண் இருக்கிறாள், பெரிய ஆள். அவங்க அம்மாவும் கோழி வளர்த்தவங்கதான், அப்பா செருப்புத் தைக்கிறவர். ஸ்பானிஷ் டவுன் என்ற ஊர். கூடப் பிறந்தவர்கள் நிறையப் பேர், அதில் சிலரை அந்த ஊர் அடிதடிக்கே பறிகொடுத்தவள். அமெரிக்காவில் காலேஜ், அப்புறம் பிரான்ஸில் போர்டோ கிளப், 2021இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டி கிளப்பில் சேர்ந்தாள். 2023-24 சீசனில் இங்கிலாந்து லீகில் 21 கோல் அடித்து முதலிடம். கோழிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்து அவள் ஆட்டத்தைப் பார்ப்பேன். எனக்கு அவள்மேல் அப்படி ஒரு பாசம்.

பிரான்ஸோடு ஆடிய ஆட்டத்தில் அவளுக்குக் கடைசி நிமிசத்தில் சிவப்பு அட்டை. பனாமா ஆட்டத்தில் அவள் இல்லை. அவள் இல்லாமலேதான் ஜெயித்தார்கள், அதையும் உங்கள் ஸ்ட்ரைக்கர் பிள்ளையிடம் சொல்லுங்கள், பயப்பட வேண்டாம் என்று.

கிளம்புகிற அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு பதினெட்டுப் பேருக்கும் நான் கட்டிக்கொண்டு கோவில்வழி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுகிறேன். அரிசியும் பருப்பும் சாதம் சூடாகச் சாப்பிட்டால்தான் ருசி, அதனால் புளிச்சாதமும் உருளைக்கிழங்கும். தேதி மட்டும் சொல்லுங்கள்.

---

காதர்பேட்டை_கடை | செவ்வாய், மதியம் 2.30

ஜெர்சியைப் பற்றி யாருமே பேசவில்லையே. அக்கா, பிள்ளைகள் என்ன போட்டு ஆடுகிறார்கள்? செகண்ட்ஸ் (தரத்தில் கழித்த) காட்டன் டீ-சர்ட்டாக இருந்தால் முதல் பாதியிலேயே வேர்வையைக் குடித்துக் கனத்துப்போகும். டாட் நிட் என்கிற பாலியஸ்டர் பின்னல் துணிதான் வேண்டும், வேர்வையை உதறிவிடும், ராத்திரி அலசிப் போட்டால் காலையில் காய்ந்திருக்கும். ரெண்டு நாள் தொடர்ந்து ஆட்டம் என்றால் இது முக்கியம்.

என்னிடம் கேன்சல் ஆன ஆர்டர் ஒன்று கிடக்கிறது, கருநீலம், எக்ஸ்எஸ், எஸ், எம். பதினாறு பிள்ளைகளுக்கும் நம்பர் அடித்துத் தருகிறேன், துணிக்குக் காசு வேண்டாம், பிரிண்ட் செலவும் என்னுடையது. கோல்கீப்பர் ரெண்டு பேருக்கும் மஞ்சள். கீப்பர் சட்டை நம்ம டீம், எதிர் டீம், ரெஃப்ரி யார் நிறத்திலும் சேரக்கூடாது, அது விதி. பள்ளிப் பெயரைத் தவிர வேறு யார் பெயரும், என் கடைப் பெயரும், முதுகில் வராது. பிள்ளைகள் முதுகு விளம்பரப் பலகை இல்லை.

கிளவுஸ் வாங்கும்போது உள்ளங்கையில் லேட்டக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். அது கொஞ்சம் ஈரமாக இருந்தால்தான் பிடிக்கும். ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் தொட்டுத் தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ரப்பர் புள்ளி வைத்தது ஈரத்தில் வழுக்கத்தான் செய்யும், அது உங்கள் மகள் தப்பில்லை.

---

ஓவர்லாக்காரி, திருப்பூர் | அடுத்த திங்கள், இரவு 11.10

எல்லாரும் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள், எழுத நேரமில்லை, மன்னிக்கணும். நடந்ததைச் சொல்கிறேன்.

புதன்கிழமை கடிதம் கொடுத்தோம். பதினாறு கையெழுத்து, அதில் மூன்று கைநாட்டு. மெக்ளூர் பெயரை நான்தான் எழுதச் சொன்னேன், எங்கள் பள்ளிக்கூட டீச்சர் அழகாக எழுதிக் கொடுத்தாங்க. வெள்ளிக்கிழமை பதில் வந்தது. பதினாறு பேருக்கும் பஸ் கட்டணம் கொடுக்கிறார்கள். அதில் 3,500 குறைந்தது, மீதி 17,900.

சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு வந்தேன். மாமியார் பீரோவில் இருந்து பழைய மொய் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாங்க. என் கல்யாணத்து நோட்டு. "கை நீட்டுறதுன்னு எதுக்கடா சொல்ற? இதுல எழுதியிருக்கறவங்கெல்லாம் நமக்குக் கொடுத்தவங்கதான, நாமளும் அவங்களுக்குத் திருப்பிச் செஞ்சமல்ல" என்று மகனைக் கேட்டாங்க. புது நோட்டு ஒன்று வாங்கிவரச் சொல்லி, மூலையில் மஞ்சள் தொட்டு வைத்து, முதல் வரியில் அவங்க பெயரில் 101 எழுதச் சொன்னாங்க. வீட்டுக்காரர் எங்களோடு வரவில்லை. ஆனால் ஸ்கேல் வைத்து நோட்டு முழுக்கக் கோடு போட்டுக் கொடுத்தார். பெயர், தெரு, தொகை, கையெழுத்து என்று நாலு கட்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஐந்து அம்மாக்கள் கிளம்பினோம். லைன் வீடு லைன் வீடாகப் போனோம். பத்து ரூபாய் கொடுத்தவர்களையும் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். ஒரு வீட்டில் "பொட்டப்புள்ளைக்கு டவுசர் போட்டு ஆட வெக்கறதுக்கு நாங்க காசு தரணுமா" என்று கேட்டாங்க. எனக்குத் தொண்டை அடைத்துப்போச்சு. அந்த வீட்டு ஆயா பின்னாலேயே ஓடிவந்து இருபது ரூபாய் கையில் திணித்தாங்க, பெயர் எழுத வேண்டாம் என்றாங்க. அந்த வரியில் "ஒரு ஆயா" என்று எழுதியிருக்கிறேன்.

ஒடிசாப் பிள்ளையின் அம்மா எங்களை அவங்க ஆட்கள் இருக்கிற லைனுக்குக் கூட்டிப்போனாங்க. அவங்க பாஷையில் என்ன சொன்னாங்களோ தெரியாது, மகள் பெயர் மட்டும் நாலு தடவை காதில் விழுந்தது. அந்த ஒரு லைனில் மட்டும் 1,860 ரூபாய். நோட்டில் கையெழுத்தெல்லாம் அவங்க எழுத்தில், வட்டம் வட்டமாக இருக்கிறது. எனக்குப் படிக்கத் தெரியாது, பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருக்கிறது.

மொத்தம் 18,340. தேவைக்கு மேலே 440 இருக்கிறது, பல்லடத்துத் தங்கச்சி சாப்பாட்டால் ஒரு வேளைச் செலவும் மிச்சம். அதை முட்டிக்குப் போடுகிற கேப்புக்கு வைத்திருக்கிறோம். வந்ததும் மொய்யைத் திருப்பிச் செய்கிற மாதிரி, ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் ஒரு ஆட்டம் ஆடுவார்கள். கொடுத்த எல்லாரையும் கூப்பிடுகிறோம், நோட்டை மேசைமேல் வைக்கிறோம், யார் வேண்டுமானாலும் புரட்டிக் கணக்குப் பார்க்கலாம். தாராபுரத்து அண்ணா, உங்கள் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வாங்க. அவங்க டீமுக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம், வந்து உட்கார்ந்து பார்த்தால் போதும்.

வியாழக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு கோவில்வழியில் பஸ். நானும் போகிறேன், பெரியவர்கள் ரெண்டு பேரில் ஒருத்தி நான். பதினாலு வருசத்தில் சேர்ந்தாற்போல மூன்று நாள் லீவு கேட்டது இதுதான் முதல் தடவை.

காதர்பேட்டை அண்ணா, கிளவுஸ் இன்றைக்கு வந்தது. மகளுக்குப் போட்டுப் பார்த்தோம். விரல் நுனியில் ஒரு விரற்கடை அளவு காலியாக நிற்கிறது. அது சரிதானா, மாற்ற வேண்டுமா?

---

காதர்பேட்டை_கடை | செவ்வாய், காலை 8.40

அக்கா, நுனியில் கொஞ்சம் காலி இருக்க வேண்டும்தான், முட்டிக்கொண்டிருந்தால் பந்து அடிக்கும்போது விரல் மடங்கும். ஆனால் விரற்கடை என்றால் சித்தே அதிகம், அரை விரற்கடை போதும். கையோடு மாற்றிவிடுங்கள். ஒரு நம்பர் சின்னதைப் போட்டுப் பார்த்து, மணிக்கட்டு ஸ்டிராப்பை இறுக்கிக்கொண்டு நாலு பந்து பிடிக்கச் சொல்லுங்கள். ரெண்டாவது கீப்பர் பிள்ளைக்கும் ஒரு ஜோடி ஜெர்சி மூட்டையோடு வைத்திருக்கிறேன். அவள் கை அளவை இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அனுப்புங்கள்.